சில்வண்டுக்கு ஏழு கையெழுத்து

பல்லக்காவுக்குப் பல்லக்கா என்று பெயர் வந்ததற்கு அவளுடைய பல் காரணமில்லை. அது சாதாரணப் பல். ஊராருக்குப் பொய்ப்பல் செய்வது அவள் வேலை. ஒரு நான்கு மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், பல் மருத்துவர்களுக்குப் பல் செட் செய்துகொடுக்கும் கூடத்தில், பதினெட்டு வருடமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். மருத்துவர் அனுப்பும் வாய் அச்சில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்ற வேண்டும், மெழுகில் ஈறு வைக்க வேண்டும், ஒவ்வொரு பல்லாக நட வேண்டும், கடைசியில் சின்ன மோட்டாரில் ராவி மெருகேற்றிப் பெட்டியில் போட வேண்டும். அது யாருடைய வாய்க்குப் போகிறது என்று தெரியாது. பெட்டியின் மேல் ஓர் எண் இருக்கும், அவ்வளவுதான். வேலை முடிந்து எழுந்தால் புருவம் வரை வெள்ளை படிந்திருக்கும். அந்தக் கோலத்தில் வீட்டு வாசலில் வந்து நிற்பவளைப் பார்த்து அவள் கணவர், "யாரும்மா வேணும்?" என்று கேட்பார். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். அவருக்குத் தெரிந்த ஒரே ஜோக் அதுதான். பதினெட்டு வருடமாக அதையே ஓட்டுகிறார்.

அவளுடைய உண்மையான சொத்து கை இல்லை, காது. ராவும் மோட்டார் பல்லின் மேல் படும்போது அதன் சத்தம் ஓர் இழை இறங்கும். அந்த இழையைக் கேட்டே எவ்வளவு தேய்ந்தது, இன்னும் ராவலாமா, நிறுத்த வேண்டுமா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவாள். பக்கத்து மேஜைக்காரி கொஞ்சம் அதிகம் அழுத்தினால், இவள் தலையைத் தூக்காமலே, "போதும் போதும், ஓட்டை விழுந்துடப் போகுது" என்பாள். எலெக்ட்ரானிக்ஸில் இரண்டு வருடம் டிப்ளமோ படித்தவள். படித்த படிப்புக்கு வேலை கிடைக்கவில்லை, பல்லுக்குக் கிடைத்தது. படிப்பு மட்டும் உள்ளே எங்கேயோ அரித்துக்கொண்டே இருந்தது. முப்பத்திரண்டாவது வயதில், வீட்டில் சும்மா கிடந்த கம்ப்யூட்டரைத் துடைத்து வைத்துக்கொண்டு, காலை ஐந்து மணிக்கு எழுந்து மின்னணு இசையைக் குடைய ஆரம்பித்தாள். அங்கேதான் சில்வண்டைப் பார்த்தாள்.

சில்வண்டு என்பது கம்ப்யூட்டருக்குள் இருக்கிற ஒரு வாத்தியம். பாட்டு அமைக்கிற மென்பொருளுக்குள் இதைச் செருகிக்கொண்டால், கீபோர்டில் எந்தக் கட்டையை அழுத்தினாலும் ஓர் ஒலி பிறக்கும். திரையில் இருக்கும் குமிழ்களைத் திருகித் திருகி அந்த ஒலியைப் புல்லாங்குழல் மாதிரி ஆக்கலாம், மேளம் மாதிரி ஆக்கலாம், இதுவரை யார் காதிலும் விழாத ஒன்றாகவும் ஆக்கலாம். இப்படிப்பட்டவை காசுக்கு நூறு கிடைக்கும். சில்வண்டு இலவசம். சோப்புக்குச் சீப்பு கொடுக்கிற இலவசம் இல்லை இது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே எழுதியிருக்கும் நிரலைத் திறந்து பார்க்கலாம், மாற்றலாம், மாற்றியதை அடுத்தவருக்குக் கொடுக்கலாம். வாங்குகிறவருக்கும் அதே உரிமையைக் கொடுத்துவிட வேண்டும், நிபந்தனை அது ஒன்றுதான்.

அதை ஆரம்பித்தவன் ஒல்லி. அதே ஊரில் ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கூடத்தில் சவுண்ட் பார்க்கிறவன். பல்லக்கா அவனுக்கு எழுதிய முதல் கடிதமே சண்டைக் கடிதம். "உங்கள் ஃபில்டர் சலிக்கவில்லை, கத்துகிறது" என்று எழுதினாள். ஒலியில் வேண்டாததைச் சலித்துத் தள்ளுகிற பகுதிக்கு ஃபில்டர் என்று பெயர். வாத்தியத்தின் குரலே அதில்தான் இருக்கிறது. "அப்ப நீங்களே எழுதுங்களேன்" என்று அவன் பதில் போட்டான். வீம்புக்குப் போட்டது. அவள் நிஜமாகவே எழுதிவிட்டாள். எழுதி முடிக்க இரண்டு வருடத்துக் காலைகள் பிடித்தன. குமிழைக் கடைசி வரை திருகினால், பல்லின் மேல் மோட்டார் படுகிற மாதிரி ஓர் இழுவை வரும். கேட்கிறவனுக்குப் பல் கூசும், ஆனால் காதை எடுக்க மனசு வராது. அதற்காகவே ஜனம் சில்வண்டை எடுக்க ஆரம்பித்தது. லாரி ஓட்டுகிறவர், வார்டில் இரவுப்பணி பார்க்கும் நர்ஸ், பள்ளிக்கூடத்துப் பாட்டு டீச்சர் என்று யார் யாரோ எடுத்தார்கள். அவர்கள் அனுப்பிய பாட்டுகளில் பாதி சகிக்காது. அவள் அத்தனையையும் கேட்பாள்.

ஒல்லியும் பல்லக்காவும் சேர்த்து மொத்தம் ஏழு பேர் சில்வண்டை எழுதினார்கள். மூன்றாவது ஆள் மருந்துக்கடை அண்ணன். ஐம்பத்தெட்டு வயது, பகலில் மாத்திரை, சாயங்காலம் நிரல். மற்ற நால்வரும் வெளியூர்க்காரர்கள், எழுத்தில் மட்டுமே பழக்கம். ஏழு பேருக்குள் ஒரு விதி இருந்தது. யார் என்ன மாற்றம் எழுதினாலும், வேறு இரண்டு பேர் அதை ஓட்டிக் கேட்டு, கீழே "சரி" என்று எழுதினால்தான் அது உள்ளே போகும். நல்ல விதிதான். நாளாக ஆக அது என்ன ஆயிற்று என்றால், பல்லக்கா "சரி" என்று எழுதும் வரை எல்லோரும் காத்திருப்பார்கள். அவள் எழுதிய அடுத்த நிமிடம் கீழே இன்னொரு "சரி" விழும். கேட்டுப் பார்த்து எழுத ஒரு நிமிடம் போதாது, யாரும் கேட்கவில்லை என்று அவளுக்கும் தெரியும். கேளுங்களேன் என்று ஒரு தடவைகூட அவள் சொன்னதில்லை. உள்ளுக்குள் பெருமையாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

இன்னொரு விஷயமும் உண்டு. அவரவர் எழுதிய பகுதி அவரவருக்குச் சொந்தம். ஆகவே ஏழு பேரில் ஒருவர் வேண்டாம் என்றாலும் சில்வண்டைப் பூட்டி விலைக்கு வைக்க முடியாது. மருந்துக்கடை அண்ணன் இதை ஆரம்பத்திலேயே எல்லோருக்கும் எழுதினார். "கதவை ஏழு பேரும் சேர்ந்து திறந்து வைத்திருக்கிறோம், மூடுவதானால் ஏழு பேரும் சேர்ந்துதான் மூட வேண்டும், அதனால் மூடப்போவதே இல்லை." படித்தவர்கள் சிரித்தார்கள். ஒல்லிதான் அதிகம் சிரித்தான் என்று பல்லக்காவுக்கு ஞாபகம்.

அவனுக்கு ஒல்லி என்று பட்டப்பெயர் விழுந்த காலத்தில் அவன் ஒல்லியாகத்தான் இருந்தான். பல்லக்கா வீட்டுச் சாப்பாடு அதைக் கெடுத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டரைக்கு வந்து, செருப்பைக் கழற்றும்போதே "அக்கா, பசிக்குது" என்பான். அவள் கணவரை மாமா என்பான். மாமாவின் தட்டிலிருந்தே எடுத்துத் தின்பான். அவனுக்குக் காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்தபோது, பஸ் ஓட்டப் போகிற வழியில் மாமாதான் கேரியரைக் கொண்டுபோய்க் கொடுத்தார். பல்லக்காவுக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. கேட்பவர்களிடம் "எனக்கு ஒரு தம்பி இருக்கான்" என்றே சொல்லிவந்தாள். சொல்லிச் சொல்லி அது அவளுக்கே உண்மையாகிவிட்டது.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு அவன் லேப்டாப்பைத் திறந்தான்.

"அக்கா, ஒரு சின்ன வேலை. பழைய சர்வர்ல இருந்து எல்லாத்தையும் புதுசுக்கு மாத்தறேன். எழுதினவங்க எல்லாரோட ஒப்புதலும் வேணுமாம். சும்மா ஒரு சம்பிரதாயம்."

"எத்தனை பக்கம்டா இது?"

"எட்டு. வக்கீலுங்க எழுதினா அப்படித்தான்கா, நாலு வரியை எட்டுப் பக்கத்துக்கு இழுப்பாங்க. மத்தவங்க எல்லாம் போட்டாச்சு. மருந்துக்கடை அண்ணன் நேத்தே போட்டுட்டார். நீங்க ஒருத்தர்தான் பாக்கி."

திரையில் ஒரு பட்டியல் காட்டினான். ஆறு பேர், ஆறு பேருக்கு எதிரிலும் பச்சை அடையாளம். ஏழாவதாக அவள் பேர், அதன் எதிரே வெறும் கட்டம். பாக்கி நிற்பது அவளுக்குப் பிடிக்காது. தன்னால் ஒரு வேலை தடைப்பட்டு நிற்கிறது என்றால் அவளுக்கு உடம்பே கூசும்.

ஈரக்கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு முதல் பக்கத்தைப் பார்த்தாள். 'இதன்கண்', 'மேற்படியார்', 'இதனால் சகலவிதமான' என்று போய்க்கொண்டிருந்தது. பாதிப் பக்கத்தில் கண் சொருகியது. நாற்காலியில் சாய்ந்திருந்த கணவர், "படிச்சுப் பாத்துட்டுப் போடேன்" என்றார்.

"என் தம்பி கொண்டுவந்ததைப் போய்ப் படிச்சுப் பாக்கணுமா? நீங்க வேற."

ஒல்லி சிரித்தான். சிரித்தான் என்பதைப் பிற்பாடு அவள் எத்தனை தடவை நினைத்துப் பார்த்திருப்பாள் என்று கணக்கில்லை. விரலால் கையெழுத்துப் போட ஒரு கட்டம் இருந்தது. கோணலாக விழுந்தது. "இன்னொரு தடவை போடட்டுமா?" என்றாள். "வேணாம்கா, இதுவே போதும்" என்று லேப்டாப்பை மூடினான். அன்றைக்கு டீ குடிக்காமலே கிளம்பிவிட்டான். ஏதோ அவசர வேலை என்று அவள் நினைத்தாள்.

அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. ரெக்கார்டிங் இருக்கிறது, வெளியூர் போகிறேன், தலைவலி என்று ஒவ்வொரு வாரமும் ஒரு சாக்கு. ஆறு வாரம் போயிற்று. அவனுக்குக் காதல் கீதல் ஏதாவது வந்திருக்கும் என்று கணவர் சொன்னார். வந்தால் நல்லதுதானே என்று பல்லக்கா சந்தோஷப்பட்டாள், பாவம்.

ஏழாவது வாரம் ஒரு புதன்கிழமை, பதினொரு மணி டீ நேரத்தில் போனை எடுத்துப் பார்த்தாள். நாற்பத்து மூன்று கடிதங்கள். முதலாவதைத் திறந்தாள். "எவ்வளவுக்கு வித்தீங்க அக்கா?" என்று இருந்தது. ஏதோ தப்பான விலாசத்துக்கு வந்திருக்கிறது என்று மூடிவிட்டு அடுத்ததைத் திறந்தாள். "உங்களைப் போய் நல்லவங்கன்னு நினைச்சேனே." அதற்கடுத்தது பாட்டு டீச்சருடையது. அந்த அம்மாள் யாரையும் திட்டத் தெரியாதவர். "பள்ளிக்கூடத்தில் இருபது கம்ப்யூட்டரில் சில்வண்டு போட்டிருக்கிறேன். இனி புதுசாகப் போட்டால் ஒவ்வொன்றுக்கும் காசு கேட்கிறது. உங்களுக்கு ஏதாவது கஷ்டம் இருந்திருக்கும், அதனால்தான் இப்படிச் செய்திருப்பீர்கள், எனக்குப் புரிகிறது" என்று எழுதியிருந்தார். வசவுகளைவிட அந்தக் கடிதம்தான் அவளைத் தூக்கிவாரிப் போட்டது.

சில்வண்டின் பக்கத்தைத் திறந்தாள். பழைய பச்சைநிறப் பக்கம் இல்லை. ஏதோ ஒரு கம்பெனியின் பெயர், பளபளவென்று ஒரு படம், பதினான்கு நாள் ஓசி, அப்புறம் விலை. எல்லாவற்றுக்கும் மேலே ஓர் அறிவிப்பு: "சில்வண்டு ஒரு புதிய குடும்பத்தில் இணைகிறது. அதன் ஃபில்டரை உருவாக்கிய, நீங்கள் அனைவரும் நேசிக்கும் பல்லக்கா உள்பட, ஏழு படைப்பாளிகளின் முழுமனதான ஒப்புதலோடு." ஏழு பேரில் வெளியே போட்டிருந்த பெயர் அவளுடையது ஒன்றுதான்.

டீ ஆறியது. எழுந்து போய் வேலையைத் தொடர்ந்தாள், வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. கடைவாய்ப் பல் ஒன்றை மோட்டாரில் பிடித்தாள். சத்தம் இறங்கியது அவள் காதில் விழவில்லை. பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாக ஒரு பல்லில் ஓட்டை போட்டாள். பக்கத்து மேஜைக்காரி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். பல்லக்கா முகக்கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு, அரை நாள் லீவு எழுதிக் கொடுத்தாள்.

ஒலிப்பதிவுக் கூடம் பஸ்ஸில் இருபது நிமிடம். முகம் கழுவ மறந்துபோய் வெள்ளைப் புருவத்தோடே போய் நின்றாள். ஒல்லி அவளைப் பார்த்ததும் எழுந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான்.

"என்னடா பண்ணி வச்சிருக்க?"

அந்த அறைச் சுவரெல்லாம் பஞ்சு அடித்திருக்கும். எவ்வளவு கத்தினாலும் சத்தம் வாயைவிட்டு இறங்கியதும் செத்துவிடும். அவள் உயிரைக் கொடுத்துக் கத்தியது, யாரோ பக்கத்து அறையில் பேசுகிற மாதிரிதான் கேட்டது.

"உக்காருங்கக்கா."

"உக்கார வரல. சர்வர் மாத்தறேன்னுதானே சொன்ன?"

"சர்வரும் மாறிடுச்சுக்கா."

அறைந்திருப்பாள். கை தூக்கவும் செய்தாள். ஒன்பது வருடம் சாதம் போட்ட கை, அடிக்க வரவில்லை. "மத்தவங்க எல்லாம் இதுக்கு ஒத்துக்கிட்டாங்களா? மருந்துக்கடை அண்ணன் ஒத்துக்கிட்டாரா? எனக்குக் காட்டு. பட்டியலைக் காட்டுடா."

அவன் காட்டினான். இனி மறைத்து என்ன என்று நினைத்திருப்பான். இந்தப் பட்டியலில் தேதி இருந்தது. முதல் பெயர் அவளுடையது, ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் இரண்டு பத்து. கோணல் கையெழுத்து. அதற்குக் கீழே மருந்துக்கடை அண்ணன், செவ்வாய்க்கிழமை. அதற்குக் கீழே புதன், புதன், வியாழன், வெள்ளி, கடைசியில் ஒல்லி. பல்லக்கா அதை இரண்டு தடவை மேலிருந்து கீழே படித்தாள். ஞாயிற்றுக்கிழமை அவள் பார்த்த ஆறு பச்சை அடையாளங்களும் அவனே போட்டவை.

"அண்ணன் நேத்தே போட்டுட்டார்னு சொன்னியேடா."

ஒல்லி மேஜைமேல் இருந்த மிக்ஸரின் குமிழ் ஒன்றைத் திருகினான். அப்புறம் பேசினான், அதுவும் குறைபட்டுக்கொள்கிற குரலில். அவள் அவனுக்காக இரக்கப்பட வேண்டும் என்கிற மாதிரி.

"நான் என்னக்கா பண்றது? யார்கிட்ட போனாலும் 'பல்லக்கா என்ன சொல்றாங்க'ன்னுதான் முதல்ல கேப்பாங்க. நீங்க போடாம ஒருத்தரும் போட மாட்டாங்க. நீங்க போட்டா ஒருத்தரும் படிக்க மாட்டாங்க. உங்க ஒரு கையெழுத்து இருந்தா மத்த எல்லாம் தானா விழும்னு எனக்குத் தெரியும். விழுந்துச்சு."

"என்கிட்ட கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா மாட்டேன்னு சொல்லியிருப்பீங்க."

"சொல்லியிருப்பேன். சொல்லத்தானே எனக்கு உரிமை இருந்துச்சு."

"ஒன்பது வருஷம்கா. இந்தப் பஞ்சு ரூம்ல உக்காந்து, அடுத்தவன் பாட்டுக்குச் சவுண்ட் வச்சுட்டே இருக்கேன். அந்தக் கம்பெனிக்காரங்க என்னை வேலைக்கு எடுத்துக்கறாங்க. என் பேரைப் போடறாங்க. எனக்குன்னு ஒண்ணு வேணாமா?"

அவன் கஷ்டம் பொய்யில்லை. அதுதான் பல்லக்காவுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. நல்ல அயோக்கியனாக இருந்தால் வெறுத்துவிட்டுப் போகலாம். இவன் அவளிடம் அழுதிருந்தால் வேறு வழி ஏதாவது பார்த்திருப்பாள், அவனுக்காக மற்ற ஐந்து பேர் வீட்டுக் கதவைத் தட்டியிருப்பாள். அழுவதற்குப் பதில் அவன் பட்டியல் தயார் செய்தான். பொய் அடையாளம் போட்ட பிறகு வந்து, அவள் போட்ட சோற்றைத் தின்று, கை கழுவி, அப்புறம் லேப்டாப்பைத் திறந்திருக்கிறான். நம்பவைத்துக் கழுத்தறுத்தான் என்று ஜனம் சுலபமாகச் சொல்கிறது. இவன் நம்பவைக்கக்கூட மெனக்கெடவில்லை. அவள் ஏற்கெனவே நம்பிக்கொண்டிருந்தாள்.

கிளம்பும்போது ஒல்லி ஓடிவந்து ஒரு காகித உறையை நீட்டினான்.

"உங்களுக்குக்கா. லைசென்ஸ் நம்பர். ஆயுசு முழுக்க நீங்க சில்வண்டை இலவசமா யூஸ் பண்ணலாம். நானே பேசி வாங்கினேன்."

தான் எழுதிய ஃபில்டரைத் தானே பயன்படுத்த அவளுக்கு அனுமதி வந்திருக்கிறது. பல்லக்கா சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து அவன் முகத்தில் கொஞ்சம் நிம்மதி வந்தது, கோபம் தணிந்துவிட்டது என்று நினைத்தான் போலிருக்கிறது.

"இனிமே என் வீட்டு வாசப்படியை மிதிக்காத" என்று சொல்லிவிட்டு அவள் இறங்கினாள். உறையை வாங்கவில்லை.

அன்று கணவர், "யாரும்மா வேணும்" என்று கேட்கவில்லை. முகத்தைப் பார்த்ததும் கதவைத் திறந்து வழிவிட்டார். நடந்ததைக் கேட்டுவிட்டுத் தட்டை எடுத்து வைத்தார். நான் அப்பவே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவரோடு சண்டை போட்டு மனசை ஆற்றிக்கொண்டிருப்பாள். அந்த மனிதர் அதற்கும் இடம் கொடுக்கவில்லை. மறுநாள் காலையில் ஷூ மாட்டிக்கொண்டே, "கேஸ் போட முடியாதா?" என்றார்.

"என்னன்னு போடறது? படிக்காம கையெழுத்துப் போட்டேன்னா?"

ஒன்று மட்டும் யாராலும் பூட்ட முடியாது. ஏற்கெனவே வெளியே போன சில்வண்டு வெளியே போனதுதான். பழைய சில்வண்டு ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் பழைய உரிமையோடே இருக்கிறது, அவளுடையதிலும் இருக்கிறது. அதை எடுத்து, வேறு பெயர் வைத்து, முதலிலிருந்து ஊருக்குக் கொடுக்கலாம். சட்டம் குறுக்கே வராது. இரண்டு நாள் காலையில் உட்கார்ந்து அதைச் செய்தும் வைத்துவிட்டாள். ஆனால் அதை எடுக்க ஆள் வர வேண்டுமே. பல்லக்கா கொடுக்கிறாள் என்றால் முன்பு கண்ணை மூடிக்கொண்டு வாங்கினார்கள். இப்போது நாற்பத்து மூன்று கடிதம் நூற்றுப்பத்து ஆகியிருக்கிறது. விற்றுத் தின்றவள், இப்போது இன்னொன்று கொண்டுவருகிறாள், இதை எப்போது விற்பாளோ என்றுதான் நினைப்பார்கள். அவள் பேச்சை மறுபடி நாலு பேர் நம்பினால்தான் சில்வண்டுக்கு உயிர். நம்பாவிட்டால் அது அவள் கம்ப்யூட்டரிலேயே கிடந்து சாக வேண்டியதுதான்.

நம்பவைக்க ஒரே வழிதான் இருந்தது, நடந்ததை நடந்தபடி எழுதுவது. எழுதினாள். 'நான் விற்கவில்லை' என்று ஆரம்பித்தது சுலபமாக வந்தது. அடுத்த வரியில் மாட்டிக்கொண்டாள். விற்கவில்லை என்றால் எப்படிக் கையெழுத்து வந்தது? படிக்காமல் போட்டேன். ஏன் படிக்கவில்லை? அவன் என் தம்பி. இந்தக் கடைசி வரியை அடித்தாள், எழுதினாள், அடித்தாள். ஊருக்கு அது எதற்கு? கடைசியில் இப்படி முடிந்தது: "ஒப்பந்தத்தில் முதல் கையெழுத்து என்னுடையது. நான் அதைப் படிக்கவில்லை. மற்ற ஐந்து பேரும் என் பெயரைப் பார்த்துப் போட்டார்கள். தப்பு என்னுடையது." ஒல்லியின் பொய்ப் பட்டியலையும் தேதியோடு எழுதினாள்.

வெளியே போடுமுன் மருந்துக்கடை அண்ணனிடம் காட்ட வேண்டும் என்று நினைத்தாள். அவரும் கீழே ஒரு கையெழுத்துப் போட்டால் ஜனம் நம்பும். அதோடு, அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லாமல் ஊருக்குச் சொல்வது சரியாகப் படவில்லை. திரையில் படித்தால் அவருக்குக் கண் வலிக்கும் என்பதால் ஒரு தாளில் அச்செடுத்துக்கொண்டாள். சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்ததும் போனாள்.

கடையில் மூன்று பேர் நின்றார்கள். எப்போதும் அவளைக் கண்டால் உள்ளிருந்து ஸ்டூலை எடுத்துப் போடுவார். அன்று, "வாம்மா" என்றதோடு சரி. ஸ்டூல் உள்ளேயே இருந்தது. அவள் கண்ணாடிப் பெட்டி ஓரமாக ஒதுங்கி நின்றாள்.

"அண்ணே, நீங்க ஏன் கையெழுத்துப் போட்டீங்க?"

"நீ போட்டிருந்தியே." அவர் ஒரு சீட்டைப் பார்த்து அட்டையிலிருந்து மாத்திரைகளை வெட்டிக்கொண்டிருந்தார். "உனக்கு ஏதோ நெருக்கடி போல, நீயே சரின்னுட்ட, நான் எதுக்கு நடுவுல நிக்கணும்னு போட்டுட்டேன். அப்புறம் அது விலைக்குப் போயிடுச்சுன்னு தெரிஞ்சப்ப, போன் பண்ணிக் கேக்கலாம்னு நினைச்சேன். என்னன்னு கேக்கறது?"

"நீங்க போட்டுட்டதா சொல்லித்தான்ணே என்கிட்ட வாங்கினான்."

கத்தரிக்கோல் நின்றது. "நான் செவ்வாய்க்கிழமைதானே போட்டேன்."

"தெரியும். தேதியைப் பாத்தேன்."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். இருமல் மருந்து வாங்க வந்தவர் சில்லறையை வைத்துக்கொண்டு நின்றார், அவரையும் அனுப்பிவிட்டு அண்ணன் முழுவதும் கேட்டார். ஒல்லியைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கேட்டது வேறு.

"அப்ப நீ அதைப் படிக்கலையா?"

"இல்லண்ணே."

"ஒரு பக்கம்கூடவா?"

"முதல் பக்கம். பாதி."

அவர் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மாட்டிக்கொண்டார்.

"நீ படிச்சிருப்பேன்னு நினைச்சுத்தாம்மா நான் படிக்கல."

குரலில் கோபம் துளிகூட இல்லை. கோபப்பட்டிருந்தால் அவளும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள். நீங்களும்தானே படிக்காமல் போட்டீர்கள், மருந்துச்சீட்டைப் படிக்காமல் ஒரு மாத்திரை எடுத்துக் கொடுப்பீர்களா என்று கேட்டிருப்பாள். வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டாள். ஒல்லி செய்தது துரோகம், அதைப் பெயர் சொல்லித் திட்டலாம், ஊரைக் கூட்டிச் சொல்லலாம். இந்த மனிதருக்கு அவள் செய்ததற்கு என்ன பெயர் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒன்பது வருடமாகப் பெருமையாக வாங்கிக்கொண்ட நம்பிக்கைக்கு, ஒரே ஒரு நாள் எட்டுப் பக்கம் படிக்க வேண்டியிருந்தது. அதைக்கூட அவள் செய்யவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒல்லியின் அறையில் வராத அழுகை.

"புதுசா ஒண்ணு ஆரம்பிக்கப் போறேன்ணே. பழைய சில்வண்டை எடுத்து, வேற பேர்ல. அதுக்கு முன்னாடி இதை எல்லாருக்கும் போடணும். நீங்களும் கீழ ஒரு கையெழுத்துப் போட்டா நல்லா இருக்கும்."

தாளைக் கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்தாள், பேனாவையும் வைத்தாள். முன்பெல்லாம் அவள் எதை நீட்டினாலும், "நீ எழுதினா சரியாத்தான் இருக்கும், குடு" என்று வாங்கிக்கொள்வார். இப்போது பேனாவை ஓரமாக நகர்த்தி வைத்தார். தாளை இரண்டு கையாலும் எடுத்து, விளக்கு வெளிச்சத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய், முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார். உதடு அசைந்தது. மருந்து வாங்க இரண்டு பேர் வந்து நின்றார்கள். "கொஞ்சம் இருங்க" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, விட்ட இடத்தில் விரலை வைத்துத் தொடர்ந்தார். பல்லக்கா நின்றுகொண்டே இருந்தாள்.

கடைசி வரி வரைக்கும் படித்தார். படித்து முடித்ததும் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்தார்.